ஒரு சின்ன நாவல், மூன்று கோபங்கள்: 'தி கிவர்' வாசகர்களை ஏன் இப்படிப் பிரிக்கிறது?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த ஆய்வில் கதையின் கடைசிப் பக்கம் வரை எல்லாமே உடையும். இன்னும் படிக்காதவர்கள், படிக்கும் எண்ணம் இருப்பவர்கள், நாவலை முடித்துவிட்டு வாருங்கள். 180 பக்கம்தான், ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடும்.

லாயிஸ் லோவ்ரி எழுதிய 'தி கிவர்' 1993இல் வெளியானது. அடுத்த வருடமே, அமெரிக்கச் சிறுவர் இலக்கியத்தில் மிகப் பெரிய கௌரவமான நியூபெரி பதக்கம் அதற்குக் கிடைத்தது. அதே 1994இல்தான் கலிஃபோர்னியாவின் போனிட்டா பள்ளி மாவட்டத்தில் நான்கு பெற்றோர் புகார் கொடுத்து, வன்முறையும் பாலியலும் இருக்கிறது என்று சொல்லி, வகுப்புகளில் அதற்குத் தற்காலிகத் தடையும் வந்தது. ஒரே புத்தகம், ஒரே வருடம், ஒரு கையில் பதக்கம், இன்னொரு கையில் தடை. 1990களில் அதிக எதிர்ப்பைச் சந்தித்த புத்தகங்கள் என்று அமெரிக்க நூலகச் சங்கம் வெளியிட்ட பட்டியலில் இதற்கு 11ஆவது இடம், அதற்கடுத்த பத்தாண்டுப் பட்டியலில் 23ஆவது இடம். இன்னொரு பக்கம் ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றுத் தள்ளியிருக்கிறது. கதையில் வரும் குழந்தையின் நினைவாகத் தங்கள் பிள்ளைக்கு கேப்ரியேல் என்று பெயர் வைத்த பெற்றோர் எத்தனையோ பேர் தனக்குக் கடிதம் எழுதியதாகவும், துறவி ஒருவர் இதைப் புனித நூலாகவே கருதுவதாகச் சொன்னதாகவும் லோவ்ரி எழுதியிருக்கிறார்.

இருண்ட இளையோர் நாவல்களை வாசகர்கள் எப்படி எதிர்கொள்கிறார்கள் என்று பார்க்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ஏனென்றால் இதில் ரத்தம் மிகக் குறைவு, கெட்ட வார்த்தை கிடையாது, வில்லன் என்று விரல் நீட்டிக் காட்ட ஒரு ஆள்கூட இல்லை. அப்படியும் மூன்று விதமான வாசகர்கள் மூன்று விதமாகக் கோபப்படுகிறார்கள். பெற்றோருக்கு ஒரு காட்சி பிடிக்கவில்லை, அறிபுனை (சயின்ஸ் ஃபிக்ஷன்) ரசிகர்களுக்கு லாஜிக் பிடிக்கவில்லை, படித்து முடித்த பிள்ளைகளுக்கு முடிவு பிடிக்கவில்லை. மூன்றும் வேறு வேறு குறைகள் மாதிரி தெரிந்தாலும் வேர் ஒன்றுதான் என்பது என் கட்சி: ஆசிரியர் எந்த இடத்திலும் குறுக்கே வந்து வாசகரின் கையைப் பிடித்துக்கொள்வதில்லை.

கதை என்ன

ஜோனாஸுக்குப் பதினோரு வயது, சீக்கிரமே பன்னிரண்டு ஆகப்போகிறது. அவன் இருக்கும் சமூகத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு ஒழுங்கு உண்டு. வீட்டுக்கு இரண்டு பிள்ளைகள், ஆண் ஒன்று பெண் ஒன்று, அதையும் விண்ணப்பித்துத்தான் வாங்க வேண்டும். பெற்றுக் கொடுப்பதற்கென்றே சில பெண்கள் இருக்கிறார்கள், மூன்று பிரசவம் முடிந்ததும் அவர்களை உடலுழைப்பு வேலைக்கு அனுப்பிவிடுவார்கள். ஒன்பது வயதில் சைக்கிள். பன்னிரண்டு வயதில் வேலை, அதை மூத்தோர் குழு முடிவு செய்து மேடையில் அறிவிக்கும். பருவ வயதின் ஆசைகள் எட்டிப் பார்த்த அன்றிலிருந்து தினமும் காலையில் ஒரு மாத்திரை. வயதானவர்கள், விதியை மூன்று முறை மீறியவர்கள், சரியாக வளராத கைக்குழந்தைகள், இவர்களெல்லாம் 'விடுவிக்கப்படுவார்கள்'. ஊருக்கு அப்பால் 'வேறிடம்' என்று ஒன்று இருக்கிறது, அங்கே போய்ச் சேர்கிறார்கள் என்பதுதான் எல்லோருக்கும் இருக்கும் எண்ணம்.

ஜோனாஸுக்கு விசித்திரமான பொறுப்பு ஒன்று கிடைக்கிறது. வலியும் பசியும் போரும், கூடவே பனியும் இசையும் அன்பும், அந்தச் சமூகம் எப்போதோ துறந்துவிட்ட எல்லாமே ஒரே ஒரு கிழவரின் மனதில் நினைவாக இருக்கின்றன. அவருக்கு அடுத்து அதைச் சுமக்க வேண்டியவன் இவன். வெற்று முதுகில் அவர் கை வைத்தால் நினைவு இறங்கும், அவ்வளவுதான், கம்பியும் கிடையாது, கருவியும் கிடையாது. முதலில் பனி மலையில் சறுக்கு வண்டிப் பயணம், அப்புறம் வெயிலில் தோல் எரிவது, அப்புறம் எலும்பு முறிவது, கடைசியில் போர்க்களத்தில் தண்ணீர் கேட்டபடி சாகும் ஒரு பையன்.

இந்த இருட்டு எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதற்கு ஆஷர் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆஷர் ஜோனாஸின் நண்பன், கலகலப்பான பையன். மூன்று வயதில் அவன் தின்பண்டம் கேட்கும்போது வார்த்தை தடுமாறி, 'ஸ்நாக்' என்பதற்குப் பதில் அடியைக் குறிக்கும் 'ஸ்மாக்' என்ற வார்த்தையைச் சொல்லிவிடுவான். ஒவ்வொரு தடவை அப்படிச் சொல்லும்போதும் பிரம்பால் அடி விழும். அடி கூடிக்கூடிக் கால்களில் தழும்பு விழுந்து, கடைசியில் கொஞ்ச காலம் குழந்தை பேசுவதையே நிறுத்திவிடும். இது எங்கே வருகிறது தெரியுமா? வேலை அறிவிக்கும் சடங்கு மேடையில், தலைமை மூத்தவர் சொல்லும் நகைச்சுவைத் துணுக்காக. கூட்டம் சிரிக்கிறது, ஆஷரும் சிரிக்கிறான், ஜோனாஸும் சிரிக்கிறான். பன்னிரண்டு வயது வாசகர்களில் நிறையப் பேர் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள் என்றுதான் நினைக்கிறேன். இது கொடுமை என்று ஆசிரியர் ஒரு வரிகூட எழுதவில்லை.

பத்தொன்பதாம் அத்தியாயம்

பெற்றோரின் கோபம் வந்து சேரும் இடம் இதுதான். ஜோனாஸின் அப்பாவுக்குக் கைக்குழந்தைகளைப் பராமரிக்கும் வேலை. நாவலிலேயே மென்மையான மனிதர் அவர். ராத்திரி தூங்காமல் அழும் கேப்ரியேல் என்ற குழந்தையை, விடுவிக்கப்பட்டுவிடக் கூடாதே என்று அனுமதி வாங்கி வீட்டுக்கே தூக்கி வந்து வளர்ப்பவர். அன்றைக்கு ஒரே மாதிரியான இரட்டைக் குழந்தைகள் பிறக்கின்றன. சமூகத்தில் ஒரே முகத்தோடு இரண்டு பேர் இருக்கக் கூடாது, ஆக ஒன்றை விடுவிக்க வேண்டும். நடந்ததன் பதிவைப் பார்க்க வேண்டும் என்று ஜோனாஸ் கேட்கிறான், கிழவர் காட்டுகிறார்.

அப்பா இரண்டு குழந்தைகளையும் எடை போடுகிறார். ஒன்று 6 பவுண்டு. இன்னொன்று 5 பவுண்டு 10 அவுன்ஸ். பெரியதைச் சுற்றி எடுத்து உதவியாளரிடம் கொடுத்து அனுப்பிவிட்டு, சின்னதின் நெற்றிக்கு மேல், தோல் துடிக்கும் இடத்து நரம்பில் ஊசி போடுகிறார். கை நரம்பு இன்னும் ரொம்பச் சின்னதாக இருக்கிறது, அதனால்தான் இங்கே என்று குழந்தையிடமே விளக்கம் சொல்கிறார், கைக்குழந்தையிடம் பேசும் அதே கொஞ்சல் குரலில். குழந்தை கை காலை உதறி, துவண்டு போகிறது. ஒரு அட்டைப் பெட்டிக்குள் வைத்து, சுவரிலுள்ள கழிவுச் சரிவுக்குள் தள்ளி, டாட்டா காட்டுகிறார். போர்க்களப் பையனின் முகத்தில் பார்த்த அதே அசைவின்மையை ஜோனாஸ் இங்கே அடையாளம் கண்டுகொள்கிறான்.

1995இல் மோன்டானா மாநிலத்தின் கொலம்பியா ஃபால்ஸ் பள்ளிகளில் பெற்றோர் அனுமதி இருந்தால் மட்டுமே இந்தப் புத்தகம் என்று கட்டுப்பாடு வந்தது, காரணம் சிசுக்கொலையும் கருணைக்கொலையும். 2003இல் மிசௌரியின் ப்ளூ ஸ்பிரிங்ஸில் பெற்றோர் இது ஆபாசம், வக்கிரம் என்று சொல்லி மாவட்டத்தை விட்டே தூக்கச் சொன்னார்கள். இரண்டு குழுக்கள் ஆராய்ந்து, இருக்கட்டும் என்று பரிந்துரைத்தன.

ஆபாசம் என்ற புகாரை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பருவ ஆசை சம்பந்தமாக நாவலில் இருப்பது ஒரே ஒரு கனவு, அதில் ஜோனாஸ் தோழி ஒருத்தியைக் குளியல் தொட்டிக்குள் இறங்கச் சொல்லிக் கேட்கிறான், அவள் சிரித்து மறுத்துவிடுகிறாள், மறுநாளே மாத்திரை வந்துவிடுகிறது. ஆனால் சிசுக்கொலை புகார் அப்படித் தட்டிவிடக்கூடியது இல்லை. தடை கேட்டவர்களைக் கிண்டல் செய்வது சுலபம், நிறையப் பேர் செய்கிறார்கள், ஆனால் அவர்கள் பயந்தது சரியான இடத்தைப் பார்த்துத்தான். அந்தக் காட்சியில் கொலை செய்பவர் ஒரு பேயோ சர்வாதிகாரியோ கிடையாது. ராத்திரி பாப்பாவைத் தோளில் போட்டுத் தட்டிக்கொடுக்கும் அப்பா. அவருக்குத் தண்டனை கிடையாது, குற்ற உணர்வும் கிடையாது. ஜோனாஸ் அழுது கதறும்போது கிழவராவது அப்பாவைத் திட்டுவாரா என்றால், அதுவும் இல்லை. அவர்கள் அப்படி வாழத்தான் உருவாக்கப்பட்டவர்கள், அவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்கிற மாதிரிதான் பேசுகிறார். தோழி ஃபியோனாகூட முதியோர் இல்லத்தில் இந்த வேலைக்குத்தான் பயிற்சி பெறுகிறாள் என்று கூடவே ஒரு குண்டையும் போடுகிறார்.

தன் பிள்ளை இதைத் தனியாக உட்கார்ந்து படிக்கும், பக்கத்தில் 'இது தப்புடா' என்று சொல்ல ஒரு பெரியவர் கதைக்குள்ளேயே இல்லை என்று ஒரு பெற்றோர் பதறினால், அந்தப் பதற்றம் நாவலைத் தப்பாகப் படித்ததால் வந்தது என்று சொல்ல மாட்டேன். நன்றாகப் படித்ததால்தான் வந்தது. அதற்குத் தீர்வு அலமாரியிலிருந்து தூக்குவது என்பதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. ஏனென்றால் தீர்ப்பு நாவலில் இருக்கிறது, பையனின் உடம்பில் இருக்கிறது. அவன் அன்று ராத்திரி வீட்டுக்குப் போக மறுத்துவிடுகிறான். அப்பா முகத்தில் முழிக்க முடியாத ஒரு பிள்ளையைக் காட்டிய பிறகு வேறு என்ன தீர்ப்பு வேண்டும்?

அறிபுனை வாசகர்களின் வழக்கு

இவர்களின் குற்றப்பத்திரிகை நீளம். 1993இல் நியூயார்க் டைம்ஸில் வந்த விமர்சனமே அங்கங்கே லாஜிக் இடறுகிறது என்று குறிப்பிட்டது, ஆனாலும் பிள்ளைகள் விடாமல் படிப்பார்கள் என்று சேர்த்துக்கொண்டது. அறிபுனை எழுத்தாளர் டெப்ரா டாயில் இன்னும் கறார், நம்பகத்தன்மை என்ற பரீட்சையில் இந்த நாவல் தேறாது, ஆசிரியர் ஒரு கருத்தைச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே அந்த உலகம் அப்படி இருக்கிறது என்பது அவர் வாதம்.

அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நிறத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சமூகத்தில் யாருக்கும் நிறம் தெரியாது. எதனால்? கண்ணை மாற்றிவிட்டார்களா, மூளையையா, அல்லது பொருள்களுக்கே நிறம் போய்விட்டதா? ஃபியோனாவின் தலைமுடி சிவப்பு, மரபணு விஞ்ஞானிகளால் அதை இன்னும் முழுசாக ஒழிக்க முடியவில்லை என்கிறார் கிழவர். அப்படியென்றால் மரபணு விஷயம். ஆனால் ஜோனாஸ் ஊரை விட்டுப் போய்விட்டால் அவனிடம் இருக்கும் நினைவுகளெல்லாம் ஜனங்களிடம் திரும்பி வந்துவிடும் என்பதும் இவர்தான். அப்படியென்றால் நினைவு விஷயம். இரண்டும் ஒன்றாக எப்படி? பதில் இல்லை. ஒரு காலத்தில் மனிதத் தோலுக்குப் பல நிறங்கள் இருந்தன, இப்போது எல்லாம் ஒன்றுதான் என்று கிழவர் ஒரு வரி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். அப்போ மற்றவர்களுக்கு என்ன ஆயிற்று என்ற கேள்வி இன்றைய வாசகரின் தொண்டையில் முள்ளாக நிற்கும், நாவல் அதைத் தொடவே இல்லை. இந்த ஒரு மௌனத்தை மட்டும் நான் கலை என்று ஏற்றுக்கொள்ளத் தயாராக இல்லை, இது வெறும் விடுபடல்.

ஆனால் அதே நிறத்தை வைத்து லோவ்ரி செய்த வித்தை ஒன்று இருக்கிறது. மூன்றாம் அத்தியாயத்தில் ஜோனாஸ் ஆஷரோடு ஆப்பிளைத் தூக்கிப் போட்டு விளையாடும்போது அது காற்றில் ஒரு கணம் 'மாறுகிறது'. எப்படி மாறுகிறது என்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. நமக்கும் புரியவில்லை. கிட்டத்தட்டப் பாதி நாவல் தாண்டி, அது சிவப்பு என்று கிழவர் சொல்லும்போதுதான், அதுவரைக்கும் கதையில் ஒரு நிறத்தின் பெயர்கூட வரவில்லை என்பது நமக்கு உறைக்கிறது. கண்கள் வெளிர், கண்கள் அடர்த்தி, அவ்வளவுதான் சொல்லியிருப்பார். பச்சைப் புல்லும் நீல வானமும் நாமாகவே போட்டுக்கொண்டவை. முதல் பக்கத்திலேயே இந்த ஊரில் நிறம் கிடையாது, காரணம் இன்ன தொழில்நுட்பம் என்று விளக்கியிருந்தால் அறிபுனை வாசகர் திருப்தியாகத் தலையாட்டியிருப்பார், அந்த அதிர்ச்சி செத்திருக்கும். விளக்காமல் விட்டதன் லாபமும் நஷ்டமும் ஒரே கணக்கில்தான் வருகின்றன.

இன்னொன்று, நினைவைச் சுமப்பது என்ற ஒரே ஒரு கற்பனையை அவர் கடைசிவரை நேர்மையாக நடத்துகிறார். பத்து வருடத்துக்கு முன்பு ரோஸ்மேரி என்ற பெண் இதே பயிற்சியில் ஐந்து வாரம் இருந்துவிட்டு, தாங்க முடியாமல் தன்னை விடுவிக்கச் சொல்லி, ஊசியைத் தானே போட்டுக்கொண்டாள். அவள் போனதும் அந்த ஐந்து வார நினைவுகள் ஊருக்குள் திரும்பி, ஜனங்கள் தவித்துப் போனார்கள். ஜோனாஸும் கிழவரும் போடும் தப்பிக்கும் திட்டம் முழுக்க இந்த விதியின் மேல்தான் நிற்கிறது. கேப்ரியேலை மறுநாள் காலை விடுவிக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அப்பாவின் சைக்கிளில் ஓடும்போது, உடல் வெப்பத்தை வைத்துத் தேடும் விமானங்களிடமிருந்து தப்ப, குளிரின் நினைவைக் குழந்தைக்கும் தனக்கும் ஏற்றிக்கொள்கிறான். அது சரியான அறிபுனை மூளை.

முடிவில் அவன் பிழைத்தானா?

கடைசிக் காட்சியில் பனி கொட்டுகிறது, பசி, உறைகிற குழந்தை. மலை உச்சியில் ஒரு சறுக்கு வண்டி காத்திருக்கிறது, அவனுக்கு முதலில் கிடைத்த நினைவில் இருந்தது மாதிரியே. ஏறிக் கீழே சறுக்குகிறான். தூரத்தில் விளக்குகள், இசை. ஒருவேளை அது எதிரொலியாகவும் இருக்கலாம் என்று சொல்லிவிட்டு நாவல் நின்றுவிடுகிறது.

பிள்ளைகளின் கோபம் இங்கேதான், மூன்று கோபங்களிலும் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான், ஏனென்றால் இதில் பாசாங்கு இல்லை. இவ்வளவு தூரம் கூட வந்த வாசகனிடம் ஜோனாஸ் பிழைத்தானா செத்தானா என்றுகூடச் சொல்லாமல் கதவைச் சாத்தினால் கோபம் வரத்தானே செய்யும்? செத்துவிட்டான், விளக்கும் இசையும் உறைந்து சாகும் மூளையின் கடைசி மயக்கம் என்று ஒரு கட்சி, வண்டியும் அந்த முதல் நினைவில் வந்த வண்டியாகவே இருக்கிறதே என்பது அவர்கள் சாட்சியம். பிழைத்துவிட்டான், உண்மையான வீடு, உண்மையான ஜன்னல் வெளிச்சம் என்று ஒரு கட்சி. 1994இல் பதக்கம் வாங்கியபோது பேசிய உரையில், சரியான முடிவு என்று ஒன்று இல்லை, ஆளுக்கு ஒன்று என்று சொன்ன லோவ்ரி, பிள்ளைகள் எழுதி அனுப்பிய விளக்கங்கள் சிலவற்றையும் பகிர்ந்துகொண்டார். சுற்றி வந்து பழைய ஊருக்கே திரும்பிவிட்டார்கள், அந்த ஊர்தான் மாறிவிட்டது என்பதுகூட அதில் ஒன்று. இந்த விளக்கம் எனக்குத் தோன்றவே இல்லை, படித்ததும் பொறாமையாக இருந்தது.

அப்புறம் அவரே கதவைத் திறந்துவிட்டார். 2000இல் 'கேதரிங் ப்ளூ', 2004இல் 'மெசஞ்சர்', 2012இல் 'சன்' என்று இன்னும் மூன்று நாவல்கள் வந்தன. 'மெசஞ்சர்' கதையில் ஜோனாஸ் உயிரோடு, ஒரு கிராமத்துக்கே தலைவனாக இருக்கிறான், அவன் வந்த சறுக்கு வண்டி அங்கே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 'சன்' கேப்ரியேலைப் பெற்றெடுத்த பதினாலு வயதுப் பெண்ணின் கதை. இதற்கு வந்த எதிர்வினை வேடிக்கையானது. பதில் வேண்டும் என்று கத்தியவர்களில் ஒரு பகுதிக்கு நிம்மதி. இன்னொரு பகுதிக்கோ, இத்தனை வருடம் விவாதித்ததைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாரே என்று எரிச்சல். பதில் சொல்லாததற்கும் திட்டு, சொன்னதற்கும் திட்டு. நான் இரண்டாவது கூட்டம். 'மெசஞ்சர்' மோசமான புத்தகம் இல்லை, ஆனால் அந்த வண்டியை நான் பார்க்காமலே இருந்திருக்கலாம்.

இவ்வளவு மௌனம் எங்கிருந்து வந்தது

முழுக்க ஒரு பையனின் பார்வையிலேயே கதை சொல்லப்படுகிறது, அந்தப் பையனிடம் கொலைக்கும் நிறத்துக்கும் அன்புக்கும் வார்த்தையே இல்லை. ஆசிரியர் வாய் திறந்தால் அந்தப் பார்வை உடைந்துவிடும். தொழில்நுட்பக் காரணம் இது. இன்னொரு காரணம் அதே 1994 உரையில் இருக்கிறது. லோவ்ரியின் பெற்றோர் அப்போது முதுமையில் பராமரிப்பு இல்லத்தில் இருந்தார்கள். அம்மாவுக்குக் கண் பார்வை போய்விட்டது, ஆனால் நினைவு எல்லாம் அப்படியே இருந்தது, மூத்த மகள் ஹெலன் இறந்தது உட்பட. அப்பாவுக்கு உடம்பு திடமாக இருந்தது, நினைவு நழுவிக்கொண்டிருந்தது. ஒருநாள் ஹெலனின் படத்தைப் பார்த்துச் சந்தோஷமாகப் பெயரைச் சொல்கிறார், அவளுக்கு என்ன ஆயிற்று என்றுதான் சரியாக ஞாபகம் இல்லை என்கிறார், லேசான குழப்பத்தோடு, துக்கமே இல்லாமல். வலியை மறந்துவிடலாம், அது சுகமும்கூட, ஆனால் அது பாதுகாப்பானதா என்று லோவ்ரி யோசித்த இடத்திலிருந்து வந்தது இந்த நாவல்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு பத்தொன்பதாம் அத்தியாயத்து அப்பாவை என்னால் பழைய மாதிரி படிக்க முடியவில்லை. இது என் ஊகம்தான், ஆனால் தான் செய்வது என்னவென்றே தெரியாமல் கொஞ்சல் குரலில் பேசும் அந்த மனிதரை ஆசிரியர் ஏன் வெறுக்க மறுக்கிறார் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான காரணம் கிடைக்கவில்லை.

இருட்டு போதவில்லை என்பவர்கள்

நான்காவதாக ஒரு கூட்டமும் உண்டு, பின்னால் வந்தவர்கள். 2008இல் 'தி ஹங்கர் கேம்ஸ்' வந்து, டிஸ்டோபியா (கொடூரமான எதிர்காலச் சமூகக் கதைகள்) அலை அடித்து ஓய்ந்த பிறகு 'தி கிவர்' கையில் எடுப்பவர்களுக்கு இது சப்பென்று இருக்கிறது. சண்டை இல்லை, காதல் இல்லை, எதிர்ப்புப் படை இல்லை, பாதிக் கதை ஒரு அறைக்குள் கிழவரின் முன்னால் படுத்துக்கொண்டே போகிறது. அங்கே 24 பிள்ளைகளை ஒருவரை ஒருவர் கொல்ல விடுகிறார்கள், அந்தத் தொடரும் நூலகச் சங்கத்தின் 2010, 2011 எதிர்ப்புப் பட்டியல்களில் முதல் பத்துக்குள் வந்தது. ஆனால் அதைப் படிக்கும் பிள்ளைக்கு யாரை வெறுக்க வேண்டும் என்பதில் சந்தேகமே வராது. 2011இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் இளையோர் நாவல்கள் அளவுக்கு மீறி இருண்டுவிட்டன என்று ஒரு கட்டுரை வந்து, ட்விட்டரில் பெரிய எதிர்ப்பலையே கிளம்பியது. அந்தச் சண்டை முழுக்க இருட்டின் அளவைப் பற்றியது, எவ்வளவு ரத்தம், எவ்வளவு வேதனை என்று. 'தி கிவர்' அந்தத் தராசில் எடையே காட்டாது.

மௌனத்தை நிரப்பினால் என்ன ஆகும் என்பதற்கு 2014இல் வந்த சினிமாவே சாட்சி. ஜெஃப் பிரிட்ஜஸ் கிட்டத்தட்ட இருபது வருடம் முயற்சி செய்து எடுத்த படம், முதலில் தன் அப்பா லாயிட் பிரிட்ஜஸைக் கிழவராக நடிக்க வைக்கத்தான் ஆசைப்பட்டார். ஜோனாஸின் வயதை ஏற்றினார்கள், ஃபியோனாவோடு காதல் சேர்த்தார்கள், தலைமை மூத்தவராக மெரில் ஸ்ட்ரீப்பை உட்காரவைத்து வில்லத்தனத்துக்கு ஒரு முகம் கொடுத்தார்கள், ட்ரோன் பறந்தது, நினைவு திரும்புவதற்கு ஒரு எல்லைக்கோடு போட்டு அதைத் தாண்டினால் போதும் என்று இயந்திரத்தையும் விளக்கினார்கள். வாசகர்கள் கேட்ட எல்லாம் கிடைத்தது. விமர்சகர்களிடம் சுமாரான வரவேற்புதான். கருப்பு வெள்ளையில் ஆரம்பித்து மெல்ல நிறம் ஏறுவது மட்டும் அழகு, ஆனால் அதில்கூட முதல் நிமிடத்திலேயே ரகசியம் போட்டு உடைந்துவிடுகிறது.

யார், எப்போது, எப்படிப் படிக்கிறார்கள்

எதிர்வினை இவ்வளவு பிரிவதற்கு நாவலுக்கு வெளியே ஒரு காரணமும் உண்டு, அதைப் பலரும் கவனிப்பதில்லை. பெரும்பாலானவர்கள் இதைத் தேடிப் போய்ப் படித்தவர்கள் கிடையாது, பள்ளியில் படிக்கச் சொன்னதால் படித்தவர்கள். வாரத்துக்கு இத்தனை அத்தியாயம், முடிவில் கேள்வித்தாள். நாலு நாள் இடைவெளி விட்டு அத்தியாயம் அத்தியாயமாகப் படிக்கும்போது ஆஷர் கதைக்கும் ஊசிக் காட்சிக்கும் நடுவே இருக்கும் நூல் அறுந்துவிடுகிறது. முதல் அத்தியாயத்திலேயே வழி தவறிப் பறந்த ஒரு விமானியை விடுவிக்கப்போவதாக ஒலிபெருக்கி கொஞ்சம் கிண்டல் தொனியில் சொல்கிறதே, அதை யாருக்கு அதற்குள் ஞாபகம் இருக்கும்? ஒரே மூச்சில் படித்தவர்களிடம் இருக்கும் மரியாதை தவணை முறையில் படித்தவர்களிடம் இல்லாததற்கு இது பாதிக் காரணம் என்பேன்.

வயது இன்னொன்று. பன்னிரண்டில் படிப்பவர் ஜோனாஸோடு ஓடுகிறார், அவருக்கு இது தப்பிக்கும் கதை. அதையே கைக்குழந்தை வைத்திருக்கும் ஒருவர் திரும்பப் படித்தால் எடை மெஷினிலேயே நின்றுவிடுவார்.

பிள்ளைகளுக்கு இதைக் கொடுக்க நினைப்பவர்களுக்கு என் யோசனை கேட்டால், பத்தொன்பதாம் அத்தியாயத்தை முதலில் நீங்கள் படியுங்கள், பிள்ளை அங்கே வந்து சேரும் அன்று வீட்டில் இருங்கள், கேட்டால் பேசுங்கள், கேட்காவிட்டால் விட்டுவிடுங்கள். வகுப்பில் நடத்துபவர்கள் தயவு செய்து 'ஜோனாஸ் இறந்தானா, காரணத்துடன் விளக்குக' என்று ஐந்து மதிப்பெண் கேள்வியாக மட்டும் ஆக்காதீர்கள். முடித்த அன்றே 'மெசஞ்சர்' எடுத்துக் கையில் திணிக்கவும் வேண்டாம், ஒரு வாரமாவது லோவ்ரி அம்மாவைத் திட்டிக்கொண்டு திரியட்டும்.